அண்ணாச்சிக்கு ஒரு கார்: ‘ஆட்டோமேஷன்’ விளையாட்டில் இன்ஜினும் வண்டியும் வடிவமைக்க முழு வழிகாட்டி

இன்ஜினும் காரும் வடிவமைத்து விற்கும் ‘ஆட்டோமேஷன்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைத் திறந்த கையோடு முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான். வி8 இன்ஜினை எடுத்து, டர்போ மாட்டி, எல்லா ஸ்லைடரையும் வலது மூலைக்கு இழுத்து, 600 குதிரைத்திறன் வந்ததும் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். அதே ஆள் நிறுவனம் நடத்தும் பகுதிக்குப் போனால், இரண்டாவது மாடல் வெளிவருவதற்குள் கடனில் முங்கிவிடுவார். இன்ஜினில் தொடங்கியதுதான் கோளாறு. முதலில் வாங்குகிறவர் யார், அவர் எந்த ரோட்டில் போவார், வண்டி எவ்வளவு எடை என்று பார்த்து, கடைசியாகத்தான் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பக்கம் வர வேண்டும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு வண்டிதான். ஆண்டு 1985. வாங்குகிறவர் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. வீட்டில் ஐந்து பேர். வாரத்தில் ஆறு நாள் ஜங்ஷனுக்கும் டவுனுக்கும் ஓட்டம், ஆடி அமாவாசைக்குப் பாபநாசம், சீசனில் குற்றாலம், எப்போதாவது நாகர்கோவில் கல்யாணம். விளையாட்டில் இருக்கும் நாடுகள் காஸ்மியா, ஹெட்வேசியா, ஃப்ரூனியா, ஆர்கானா என்று எல்லாமே கற்பனை. திருநெல்வேலி அங்கே கிடையாது. ஆனால் தெரிந்த ரோட்டை மனதில் வைத்துக்கொண்டு ஸ்லைடரை நகர்த்தினால் எண்களுக்கு ஒரு அர்த்தம் வருகிறது.

முதலில் சாண்ட்பாக்ஸ் பகுதியில் செய்து பாருங்கள். அங்கே காசுக் கணக்கு கழுத்தை நெரிக்காது. பதிப்புக்குப் பதிப்பு சில பெயர்களும் ஸ்லைடர்களும் இடம் மாறும். கீழே சொல்லும் வரிசை மாறாது.

தாளில் முதல் கணக்கு

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் இதைப் போடுங்கள். காலி வண்டி 900 கிலோ, ஆட்களும் சாமானும் 350 கிலோ, மொத்தம் 1,250 கிலோ.

பத்துக்கு ஒன்று ஏற்றத்தில், அதாவது பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் மலைப்பாதையில், 30 கி.மீ. வேகத்தில் ஏற என்ன வேண்டும்? எடை பின்னால் இழுப்பது சுமார் 1,226 நியூட்டன். டயர் உருளும் தடை ஒரு 184. கூட்டினால் 1,410 நியூட்டன். இதை விநாடிக்கு 8.33 மீட்டரால் பெருக்கினால் 11.7 கிலோவாட். கியர் பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் 15 சதவீதம் போகட்டும்; இன்ஜின் தர வேண்டியது 13.8 கிலோவாட், ஏறக்குறைய 19 குதிரைத்திறன்.

சமதளத்தில் 100 கி.மீ. வேகம்? காற்றுத்தடை குணகம் 0.42, முன்பக்கப் பரப்பு 1.9 சதுர மீட்டர் என்றால் காற்று 370 நியூட்டன், டயர் 184. இன்ஜின் பக்கம் பார்த்தால் 25 குதிரைத்திறன் போதும்.

ஆக, அண்ணாச்சிக்கு 60, 65 குதிரைத்திறன் தாராளம். 120 கொடுத்தால் மிச்சம் 55-க்கு அவர் பெட்ரோலும் விலையும் கொடுக்க வேண்டும்; அந்த விலைக்கு அவர் உங்கள் ஷோரூம் வாசலையே மிதிக்க மாட்டார். விளையாட்டு இதை ‘வாங்கும் திறன்’ மதிப்பெண்ணில் காட்டிவிடும்.

ஒரு சின்ன விலகல். நாகர்கோவில் போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தெரியும். காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. அதே வண்டி 80 கி.மீ. வேகத்தில் காற்றில்லாமல் போக சக்கரத்தில் 9.4 கிலோவாட் போதும். எதிர்க்காற்று மணிக்கு 40 கி.மீ. இருந்தால் 15.9 கிலோவாட் ஆகிறது. விளையாட்டில் எதிர்க்காற்று இல்லை. ஆனால் பாடி தேர்ந்தெடுக்கும்போது காற்றுத்தடையை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மாடலும் ட்ரிம்மும்

விளையாட்டு காரை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறது. மாடல் என்பது பாடி, சேஸி வகை, சேஸி உலோகம், தகடு உலோகம், சஸ்பென்ஷன் வகை, இன்ஜின் வைக்கும் இடம். இதைப் பிறகு மாற்றுவது புது வண்டி செய்வதற்குச் சமம். ட்ரிம் என்பது அதன் மேல் உட்காரும் இன்ஜின், கியர், டயர், பிரேக், சீட். ஒரே மாடலில் இரண்டு மூன்று ட்ரிம் போடலாம். இன்ஜினிலும் இதே கதைதான்: அடிப்படை பிளாக்கான ஃபேமிலி, அதன் கீழே உள்ளுறுப்புகளை முடிவு செய்யும் வேரியன்ட்.

அண்ணாச்சியின் மாடலுக்கு இப்படித் தேர்ந்தெடுங்கள்: வீல்பேஸ் 2.4 மீட்டர் பக்கம் உள்ள நாலு கதவு பாடி. பாடியும் சேஸியும் ஒன்றேயான மோனோகாக் சேஸி. இன்ஜின் முன்னால், குறுக்கே, முன்சக்கர இழுவை. சஸ்பென்ஷன் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டு).

ஏணி மாதிரி தனிச் சட்டமான லாடர் சேஸி மலிவாகத் தெரியும், சுமையும் தாங்கும். ஆனால் எடை கூடும், சொகுசும் பாதுகாப்பும் குறையும். அம்பாசமுத்திரத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றும் வண்டி என்றால் லாடர் சேஸியும் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் சரி. குடும்ப வண்டிக்கு வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடிக்கும் டபுள் விஷ்போன் முன்னால் போட்டால் திருப்பங்களில் அருமையாகப் போகும். ஆனால் இன்ஜின் அறையின் அகலத்தைத் தின்றுவிடும், குறுக்கே வைத்த இன்ஜின் பிறகு உள்ளே நுழையாது. ‘இன்ஜின் பொருந்தவில்லை’ என்று சிவப்பு எழுத்து வந்தால் பாதி நேரம் காரணம் இதுதான்.

சேஸி உலோகத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். சாதா ஸ்டீல் மலிவு. அடுத்தது நாகம் (ஜிங்க்) பூசிய ஸ்டீல். உவரி, மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரையில் நிற்கும் வண்டியின் கதவுக்கு அடியில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உப்புக்காற்று தகட்டை அப்பளமாக நொறுக்கிவிடும். விளையாட்டிலும் துருத்தாங்கும் திறனுக்குத் தனி மதிப்பெண் உண்டு. குடும்ப வண்டியும் வேலை வண்டியும் வாங்குகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள். நாகப்பூச்சுக்குச் செலவு செய்யுங்கள். அலுமினியத் தகடு, கண்ணாடியிழை இந்த வண்டிக்கு வீண் ஆடம்பரம்.

இன்ஜின் ஃபேமிலி: பத்து வருஷத்துக்கு ஒரு பிளாக்

இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் பின்னால் அழுகிறார்கள். ஃபேமிலியில் நீங்கள் கொடுக்கும் போரும் ஸ்ட்ரோக்கும் உச்ச அளவு. வேரியன்ட்டில் அதற்குக் கீழே இறங்கலாம், மேலே ஏற முடியாது. ஆகவே இன்றைய தேவைக்கு மட்டும் பிளாக் செய்தால், நாலு வருஷம் கழித்துப் பெரிய இன்ஜின் வேண்டும்போது புது ஃபேமிலி, புது அச்சு, புதுச் செலவு. ரொம்பப் பெரிதாகச் செய்தாலும் சிக்கல்: சின்ன இன்ஜின் பெரிய பிளாக்கின் எடையைச் சும்மா சுமக்கும்.

கொள்ளளவுக் கணக்கு எளிது. போரைப் போரால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கினால் கன மில்லிமீட்டர். ஆயிரத்தால் வகுத்தால் சி.சி.

நம் ஊர் ரோட்டில் ஓடிய இரண்டு இன்ஜின்களை வைத்தே பார்க்கலாம். அம்பாசடர் கார்களில் நெடுங்காலம் இருந்த 1,489 சி.சி. இன்ஜினின் போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. போரைவிட ஸ்ட்ரோக் நீளம். அடியிலேயே இழுவை, மேலே மூச்சு வாங்கும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் 796 சி.சி. இன்ஜினுக்குப் போர் 68.5, ஸ்ட்ரோக் 72. இந்த அளவுகளை விளையாட்டில் அப்படியே போட்டுப் பாருங்கள். இரண்டு இன்ஜினின் டார்க் (சுழற்றும் விசை) கோடும் எப்படி வேறு வேறாக வளைகிறது என்று ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். அம்பாசடருக்கு வார்ப்பிரும்பு பிளாக், புஷ்ராடு வால்வு என்று கொடுக்க மறக்காதீர்கள்.

அண்ணாச்சி வண்டிக்கு: நேர்வரிசை நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், சிலிண்டருக்கு இரண்டு வால்வுள்ள சிங்கிள் ஓவர்ஹெட் கேம் (வால்வைத் திறக்கும் ஒரே கேம் தண்டு மேலே ஹெட்டில்), ஹெட் மட்டும் அலுமினியம். ஃபேமிலி போர் 78, ஸ்ட்ரோக் 84. உச்சக் கொள்ளளவு 1,605 சி.சி. முதல் வேரியன்ட் போர் 74, ஸ்ட்ரோக் 76, 1,307 சி.சி.

ஏன் புஷ்ராடு வேண்டாம்? அது சிறியது, மலிவு, தப்பில்லை. ஆனால் வால்வைத் தள்ளும் கம்பியும் ராக்கரும் எடை கூடியவை. சுற்று வேகம் ஏறும்போது ஸ்பிரிங்கால் வால்வைத் திரும்ப உட்கார வைக்க முடியாமல் மிதக்கும். விளையாட்டில் ‘வால்வு மிதப்பு’ எச்சரிக்கை வருவது இதற்குத்தான். நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்குள் அடங்கும் வண்டிக்குப் புஷ்ராடு போதும். நாம் 6,000 வரை போகிறோம். டபுள் ஓவர்ஹெட் கேமும் நாலு வால்வும் 1985-இல் கிடைக்கும். ஆனால் அவற்றின் விலையையும் தயாரிப்பு நேரத்தையும் இந்தச் சந்தை தாங்காது.

வேரியன்ட்: உள்ளுறுப்புகள்

கிராங்க் (இன்ஜினில் சுழலும் தண்டு), கன்ராடு (பிஸ்டனை அதோடு இணைக்கும் கம்பி), பிஸ்டன் மூன்றுக்கும் எது போதும் என்பதை பிஸ்டன் வேகம் சொல்லும். ஸ்ட்ரோக்கை மீட்டரில் போட்டு இரண்டால் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுங்கள். நம் இன்ஜினுக்கு 0.076 × 2 × 6,000 ÷ 60, விநாடிக்கு 15.2 மீட்டர். தோராயமாக 16, 17 வரை வார்ப்பு உறுப்புகள் தாங்கும். 20-ஐத் தாண்டினால் ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) ராடும் பிஸ்டனும் வேண்டும். 25 என்பது பந்தய இன்ஜின்.

ஆகவே வார்ப்பு கிராங்க், வார்ப்பு பிஸ்டன். கன்ராடு மட்டும் ஒரு படி மேலே, கனத்த வார்ப்பு. பின்னால் 1,600 சி.சி. வேரியன்ட் செய்யும்போது 84 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அதே 6,000 சுற்றுக்கு 16.8 ஆகிவிடும். அப்போது முதலில் கை தூக்குவது கன்ராடுதான். டைட்டானியம் ராடைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அந்தக் காசுக்கு அண்ணாச்சி இன்னொரு வண்டியே வாங்கிவிடுவார்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எரிகலவை எத்தனை மடங்கு இறுக்கப்படுகிறது என்பது. 8.5-இல் தொடங்குங்கள். பெட்ரோல் சாதா ரகம். விலை உயர்ந்த ஆக்டேனை நம்பி இன்ஜின் செய்தால் அந்தப் பெட்ரோல் கிடைக்காத நாட்டில் விற்க முடியாது. 0.1, 0.1-ஆக ஏற்றிக்கொண்டே போங்கள். நாக்கிங் எச்சரிக்கை வந்த இடத்திலிருந்து 0.2 கீழே இறங்கி நிறுத்துங்கள். நாக்கிங் என்றால் பொறி பற்றவைத்த தீ வந்து சேர்வதற்குள், மிச்ச எரிகலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடிப்பது. கட்டை வண்டிச் சக்கரம் கல்லில் ஏறுகிற மாதிரி ‘டொக் டொக்’ என்று சத்தம் வரும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் வரை போகும்.

கேம் புரொஃபைல் ஸ்லைடர் 0 முதல் 100 வரை. இதுதான் இன்ஜினின் குணத்தை முடிவு செய்வது. குறைத்தால் அடியில் இழுவை, அமைதியான ஐடிலிங், நல்ல மைலேஜ். கூட்டினால் மேலே பவர், கீழே மந்தம். நகர வண்டிக்கு 35 முதல் 45 வரை நல்ல தொடக்கம். எப்படிச் சரிபார்ப்பது? வரைபடத்தில் 2,500 சுற்றில் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உச்ச டார்க்கில் 90 சதவீதமாவது அங்கே இருக்க வேண்டும். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் மூன்றாவது கியரில் ஊர்ந்து, பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, மறுபடி கிளம்புகிறவருக்கு 5,500-இல் இருக்கும் பவர் எதற்கு?

கேம் கூட்டும்போது கம்ப்ரஷனையும் ஒரு முறை திரும்பப் பாருங்கள். வால்வு அதிக நேரம் திறந்திருப்பதால் கீழ்ச்சுற்றில் உண்மையான அழுத்தம் குறையும். கொஞ்சம் கூடுதல் கம்ப்ரஷனுக்கு இடம் கிடைக்கும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி மூன்று நாலு தடவை நகர்த்தினால்தான் இன்ஜின் படியும்.

பெட்ரோல், பொறி, புகை

கார்புரேட்டர் இரட்டைக் குழாய் ஒன்று போதும். ஒற்றைக் குழாய் போட்டால் வரைபடத்தில் 4,500-க்கு மேல் பவர் கோடு மடங்கிக் கீழே விழும். இன்ஜின் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் மல்டி பாயின்ட் இன்ஜெக்ஷன் வந்துவிட்ட காலம்தான். மைலேஜும் நம்பகத்தன்மையும் கூடும். ஆனால் புதுசாக வந்த தொழில்நுட்பத்துக்கு விளையாட்டில் விலையும் நேரமும் கூட. வருஷம் போகப் போக அதுவே மலிவாகும். முதல் வேரியன்ட்டுக்குக் கார்புரேட்டர், ஐந்தாறு வருஷம் கழித்து அதே ஃபேமிலியில் இன்ஜெக்ஷன். இதுதான் மலிவான வழி.

காற்று-பெட்ரோல் விகிதத்தில், முழுதாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. 12.5, 13 பக்கம் பவர் அதிகம், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். 15-க்கு மேலே போனால் மைலேஜ் தெரியும், ஆனால் சூடேறி நாக்கிங் எட்டிப்பார்க்கும். 14 முதல் 14.7-க்குள் வையுங்கள். புகையைச் சுத்தமாக்கும் மூவழிக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் மாட்டுகிற காலம் வந்தால் 14.7-ஐ விட்டு நகரவே கூடாது. அது வேலை செய்வதே அந்த இடத்தில்தான். ஈயம் கலந்த பெட்ரோலும் கன்வர்ட்டரும் ஒன்றாகச் சேராது, ஈயம் உள்ளே படிந்து கன்வர்ட்டரைச் சாகடித்துவிடும். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000-இல்தான். விளையாட்டிலும் ஒவ்வொரு நாடும் எந்த வருஷம் ஈயத்தை விடுகிறது, எந்த வருஷம் புகைக் கட்டுப்பாட்டை இறுக்குகிறது என்று பார்த்துவிட்டு மாடலின் ஆயுளைத் திட்டமிடுங்கள்.

பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கை நடுவில் வைத்து, நாக்கிங் இல்லாத வரை முன்னே நகர்த்துங்கள். கம்ப்ரஷனை ஏற்றிவிட்டு நாக்கிங்கை அடக்க டைமிங்கை ரொம்பப் பின்னே இழுப்பது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவது. பவரும் போகும், மைலேஜும் போகும்.

சைலன்சர் குழாயின் விட்டத்துக்கு ஒரு எளிய முறை: சின்னதில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். பவர் ஏறுவது நின்ற இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். அதற்கு மேல் எடையும் சத்தமும் செலவும்தான் கூடும். இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டு வார்ப்பில் குட்டை ரகம். முதல் மஃப்ளர் பேஃபிள் வைத்தது, இரண்டாவது ரிவர்ஸ் ஃப்ளோ. நாலைந்து குதிரை குறையும். ஆனால் வண்டிக்குள் இருக்கிறவர்கள் பேசுவது காதில் விழும்.

சுற்று வரம்பைப் பவர் உச்சத்துக்கு 300 முதல் 500 மேலே வையுங்கள். உச்சம் 5,500 என்றால் வரம்பு 6,000. அதற்கு மேல் வைத்தால் பவர் கிடைக்காது, நம்பகத்தன்மை மட்டும் சரியும். உச்சத்திலேயே வெட்டிவிட்டால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்.

எல்லாம் முடிந்து பார்த்தால் உச்ச டார்க் 100 நியூட்டன் மீட்டர் பக்கமும், 5,500-இல் 85-ம் வர வேண்டும். டார்க்கைச் சுற்றால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட்: 49. அதாவது சுமார் 66 குதிரைத்திறன். தாளில் போட்ட கணக்குக்கு இது ஒத்துப்போகிறது.

டெஸ்ட் வரைபடத்தை நிதானமாகப் பாருங்கள். பணகுடிக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜினைத் தாங்கியில் கட்டி எரித்துப் பார்க்கிற காரியமும் அடிப்படையில் இதே சோதனைதான். பறக்கவிடுவதற்கு முன்னால் தரையிலேயே அதன் குறையைக் கண்டுபிடிப்பது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது பவர் அல்ல, உறுப்புகளின் அழுத்தம். எந்த உறுப்பு சிவப்புக்கு மிக அருகில் இருக்கிறதோ அதுதான் இன்ஜினின் ஆயுள்.

தரம் ஸ்லைடர் -15 முதல் +15 வரை போகும். எல்லாவற்றையும் +5 ஆக்குவது சோம்பேறித்தனம். பலவீனமான உறுப்பில் மட்டும் +2, +3 கொடுங்கள். மற்றதைச் சுழியில் விடுங்கள். ஒவ்வொரு படியும் வடிவமைப்பு மாதங்களையும் கூட்டும் என்பதை மறக்கக் கூடாது.

டர்போ பற்றி ஒரே வரி: இந்த வண்டிக்கு வேண்டாம்.

கியர்: “ஏறுமா வே?”

அண்ணாச்சி ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி குதிரைத்திறன் பற்றி இருக்காது. “ஆள் நெறஞ்சு இருந்தா மணிமுத்தாறுக்கு மேல மாஞ்சோலை ஏறுமா வே?” என்பதுதான். அதற்குப் பதில் கியர் பாக்ஸில் இருக்கிறது.

நாலு கியர் மேனுவல் மலிவு, ஐந்து கியர் மைலேஜுக்கு நல்லது. ஐந்தே போடுங்கள். டயர் 155/80 ஆர்13. விட்டம் 578 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.816 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 918 தடவை சுற்றும். மேல் கியரின் மொத்த விகிதம் 3.9 என்றால் இன்ஜின் 3,580 சுற்றில் ஓடும். காதுக்கும் பெட்ரோலுக்கும் ஏற்ற இடம்.

முதல் கியரின் மொத்த விகிதம் 13.65 என்று கொள்ளுங்கள். இன்ஜினில் 90 நியூட்டன் மீட்டர் கிடைக்கும்போது, 15 சதவீத இழப்பு போக, டயர் தரையைத் தள்ளும் விசை சுமார் 3,600 நியூட்டன். நம் கணக்கில் பத்துக்கு ஒன்று ஏற்றத்துக்கு 1,410 போதும். மிச்சத்தை வைத்து நூற்றுக்கு 28 ஏற்றம் வரை ஏறும். கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பினாலும் கிளட்ச் கருகாது.

விளையாட்டில் இதை நேரடி எண்ணாகக் கொடுக்காமல் ‘உச்ச வேகம்’, ‘கியர் இடைவெளி’ என்ற இரண்டு ஸ்லைடரால் சரிசெய்ய வேண்டும். உச்ச வேகத்தை 230-க்கு வைத்துவிட்டு ‘வண்டி ஏன் நகரவே மாட்டேங்குது’ என்று கேட்பவர்கள் அதிகம். இன்ஜினால் உண்மையில் தொட முடிகிற வேகத்துக்குச் சற்று மேலே வையுங்கள். முதல் கியரில் சக்கரம் வீணாகச் சுற்றுகிறது என்று காட்டினால் கியர் ரொம்பக் குட்டை, இடைவெளியைக் குறையுங்கள்.

பிரேக்கும் டயரும்

ஏறுவதைவிட இறங்குவது கடினம். 1,250 கிலோ வண்டி 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல் 6.1 மெகா ஜூல். 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை பிரேக் போட்டு நிற்க 0.31 மெகா ஜூல். ஆக, ஒரு மலையிறக்கம் என்பது 80-லிருந்து இருபது தடவை நிற்பதற்குச் சமம். எவ்வளவை இன்ஜின் பிடித்துக்கொள்கிறதோ அவ்வளவு போக, மீதி முழுக்கச் சூடாக டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்கும். சூடேறினால் லைனிங் வழுக்கும், பெடல் மிதித்தும் வண்டி நிற்காது. விளையாட்டு இதைப் பிரேக் ஃபேட் என்று சதவீதத்தில் காட்டுகிறது. அதைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கின் அளவை ஃபேட் மறையும் வரை கூட்டுங்கள். பிறகும் மிச்சம் இருந்தால் பேட் வகையை ஒரு படி கடினமாக்கலாம். பிரேக் விசை டயர் பிடிப்பைவிடக் கொஞ்சம் மட்டும் அதிகம் இருக்கட்டும். இரண்டு மடங்கு வைத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டும் எளிமை மதிப்பெண் விழும். முன்சக்கரம் முதலில் பூட்ட வேண்டும், பின்சக்கரம் அல்ல. பின்னால் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும்.

டயர் ரேடியல், நடுத்தரக் கலவை. கடினமான நீடித்த கலவை மலிவு, ஆனால் மழையில் பிடிக்காது. ஸ்போர்ட்ஸ் டயர் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறவருக்கு. அண்ணாச்சி அந்த ரகமல்ல.

சஸ்பென்ஷன்

விளையாட்டே தயாராக வைத்திருக்கும் அமைப்புகளில் ‘சொகுசு’ என்பதைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து தொடங்குங்கள். ஸ்பிரிங்கின் இயல்பு அதிர்வு முன்னால் விநாடிக்கு 1.2, பின்னால் 1.35 பக்கம் இருந்தால் பள்ளத்தில் விழுந்து எழும்போது வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடாது. கணக்குப் போட விரும்பினால், ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ, அதிர்வு 1.3 என்றால் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்குச் சுமார் 17 நியூட்டன்.

ஸ்டீயரிங் வரைபடத்தைப் பாருங்கள். கோடு கடைசி வரை மெதுவாக அண்டர்ஸ்டீர் (திருப்பத்தில் வண்டி நேராகப் போகப் பார்ப்பது) பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கடைசியில் திடீரென்று மறுபக்கம் பாய்ந்தால், வேகத்தில் பின்பக்கம் வெளியே போய்விடும் என்று அர்த்தம். குடும்ப வண்டியில் இது கொலைக்குற்றம். முன் சாய்வுத்தடுப்புக் கம்பியைக் கடினமாக்குங்கள், அல்லது பின்னதை இளக்குங்கள். அதிலும் சரியாகாவிட்டால் பின் டயர் ரொம்ப மெலிசு.

கூலிங் ஸ்லைடர்: தேவை எவ்வளவோ அதற்குச் சற்று மேலே. மே மாத நெல்லை வெயிலை நினைத்துக்கொண்டு இரண்டு மடங்கு வைக்காதீர்கள். அதிகப்படி காற்று உள்ளே போவது காற்றுத்தடையாகத்தான் முடியும்.

உள்ளே ஐந்து சீட், சாதா ரகம், ஒரு சாதா ரேடியோ. பாதுகாப்பு அந்த வருஷத்துக்குரியது. டிக்கி இடம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையும் காசும்

சாண்ட்பாக்ஸில் படிந்த வண்டியை, நிறுவனம் நடத்தும் பகுதியான கேம்பெய்னுக்குக் கொண்டுபோகும்போது மூன்று இடத்தில் ஆட்கள் கவிழ்கிறார்கள்.

ஒன்று, நேரம். வடிவமைத்து முடிக்கக் காருக்கு 36 மாதம், இன்ஜினுக்கு 50 மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் முடிந்தும் 14 மாதம் தொழிற்சாலை சும்மா கிடக்கும்; வாடகையும் சம்பளமும் ஓடிக்கொண்டே இருக்கும். எது நீளமோ அதில் தரம் ஸ்லைடரையும் புதுத் தொழில்நுட்பத்தையும் குறைத்து இரண்டையும் ஒரே மாதத்தில் சேர வையுங்கள்.

இரண்டு, அளவு. இன்ஜின் தொழிற்சாலை மாதம் 2,000 செய்து, கார் தொழிற்சாலை 3,000 செய்தால் விற்பது 2,000 கார்தான். மீதி ஆயிரத்துக்கான கட்டடமும் இயந்திரமும் தண்டச்செலவு. தயாரிப்பு அலகு (ஒரு வண்டி செய்யப் பிடிக்கும் வேலை) அதிகமுள்ள வண்டி அதே தொழிற்சாலையில் குறைவாகத்தான் வெளிவரும். நாலு வால்வு வேண்டாம், அலுமினியம் வேண்டாம் என்று மேலே சொன்னதன் பலன் இங்கேதான் கைக்கு வரும்.

மூன்று, பேராசை. முதல் வருஷமே மூன்று மாடல், ஐந்து நாடு. ஒரு நாடு, ஒரு மாடல், இரண்டு ட்ரிம். முன்பதிவு குவிந்தால் விலையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வண்டி கிட்டங்கியில் தேங்கினால் இறக்குங்கள். இரண்டும் இல்லாமல் பைய ஓடினால் தொடாதீர்கள்.

இரண்டாவது ட்ரிம்

நாலைந்து வருஷத்தில் 1,605 சி.சி. வேரியன்ட்டை எடுத்து அதே மாடலில் போடலாம். பலர் இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மதிப்பெண் முதல் ட்ரிம்மைவிடக் குறைந்து நிற்கும். காரணம் வரிசையாக இருக்கும்: பிஸ்டன் வேகம் ஏறியதால் சுற்று வரம்பை 5,800-க்கு இறக்க வேண்டும், போர் பெரிதானதால் கம்ப்ரஷனை நாக்கிங்குக்காக மறுபடி சோதிக்க வேண்டும், கார்புரேட்டர் போதாது, சைலன்சர் குழாய் ஒரு படி பெரிதாக வேண்டும், கூலிங் பற்றாது, உச்ச வேகம் கூடியதால் ஃபேட் திரும்ப எட்டிப்பார்க்கும், டிஸ்க் ஒரு அளவு கூட வேண்டும், மூக்கில் எடை ஏறியதால் முன் ஸ்பிரிங் கொஞ்சம் இறுக வேண்டும். இந்த ஏழு விஷயத்தையும் இதே வரிசையில் பார்த்து முடித்த பிறகு மேல் கியரை 3.9-லிருந்து 3.6-க்கு நீட்டுங்கள். 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 3,300 சுற்றில் ஓடும். பெரிய இன்ஜின் போட்டும் பெட்ரோல் செலவு பெரிதாக ஏறாமல் இருப்பது இந்த ஒரு மாற்றத்தால்தான்.